மோட்டர் என்றொரு நாய்க்குட்டி

ஒக்டோபர் 31, வெள்ளி

காலையிலிருந்து மூடலான வானம். மழை இல்லை. புழுக்கம்.

விஞ்ஞானக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். உம்மா என் எல்லாக் கொப்பிகளையும் புரட்டுவார், இதை மட்டும் திறக்க மாட்டார். தவளையை வெட்டிய படம் இருக்கிறது. பக்கத்தில் ரிஃபா தூங்குகிறாள். போர்வைக்குள் டோர்ச்.

இன்று எங்கள் வீட்டுக்கு நாய் வந்தது.

ஒழுங்காக எழுத வேண்டும். இரண்டு கிழமைக்கு முன் கிணற்றடியில் பூட்டியிருந்த தண்ணீர் மோட்டரைக் கள்ளன் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து வாளியால்தான் இறைப்பு. வாப்பா கட்டாரில். வீட்டில் உம்மா, நான், மூன்றாம் வகுப்பு படிக்கும் தங்கச்சி ரிஃபா. காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று வாப்பா போனில் சொன்னார். உம்மா மூன்று நாள் பதில் சொல்லவில்லை. நாலாம் நாள், "வெளியில நிண்டாச் சரி" என்றார்.

என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்பில் தெருநாய் கடித்தது, முழங்காலுக்குப் பின்னால். ஊசிகள். இன்றைக்கும் டியூஷனுக்குத் தெருநாய்கள் கிடக்கிற நேர் ஒழுங்கையால் போவதில்லை, கடற்கரை வீதியால் சுற்றிப் போகிறேன். பயம் என்று சொல்லியிருந்தால் உம்மா நாயை வேண்டாம் என்றிருப்பார். பிறகு கள்ளன் வந்தால் அது என்னால்.

அஸர் தொழுகைக்குப் பிறகு சாச்சா வந்தார். வாப்பாவின் தம்பி, கொழும்புக்கு லொறி ஓடுகிறவர். கையில் ஒரு பிஸ்கட் பெட்டி. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், உள்ளே ஓட வசதியாக.

"நாய் எங்க?" என்றார் உம்மா.

"இந்தா இரிக்கி மச்சி."

பெட்டிக்குள் எட்டிப் பார்த்தோம். வெள்ளையாக ஒன்று. உரித்த தேங்காய் அளவு. இரண்டு கண், ஒரு மூக்கு, மிச்சமெல்லாம் மயிர்.

"இதென்னடா இது?"

"பொமரேனியன். ஜாதி நாய் மச்சி! கொழும்பில பெரிய பெரிய ஆக்கள் வளக்கிற."

"நான் காவலுக்குக் கேட்டன். நீ கண்ணாடி அலுமாரிக்குள்ள வெக்கிற சாமான் கொண்டு வந்திரிக்காய்."

"வளந்தாப் பெரிசாகும்..."

"எவ்வளவு பெரிசாகும்?"

சாச்சா வானத்தைப் பார்த்தார். "மழை வரப் போகுது போல" என்றார். தேத்தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார்.

ரிஃபா பெட்டியருகே குந்தினாள். குட்டி அவளைப் பார்த்து உறுமியது. பழைய மோட்டர் தண்ணீர் ஏறாமல் சுற்றுகிறபோது வரும் அதே சத்தம். "உம்மா, மோட்டர் திரும்பி வந்திட்டு!" என்று கத்தினாள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

உம்மாவின் சட்டங்கள், சொன்ன ஒழுங்கில்:

பின் விறாந்தையோடு நிற்க வேண்டும். அடுப்படிக்கும் தொழுகிற அறைக்கும் வரக் கூடாது.

சாப்பாடு சிரட்டையில். வீட்டுப் பாத்திரம் எதுவும் கொடுக்கக் கூடாது.

அதன் எச்சில் எதில் பட்டாலும் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் போட்டு. (கிணற்றடியில் ஒரு பால்மா டின் நிறைய நல்ல மண் அரித்து வைத்துவிட்டார். எப்போது அரித்தார் என்றே தெரியவில்லை. குட்டி வந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.)

கடைசிச் சட்டம்: "ஒருக்கா உள்ளுக்கு வந்திச்சோ, சாச்சாட லொறியில திருப்பி."

குட்டியைப் பார்ப்பது யார்? உம்மாவுக்கு வட்டிலப்பம் அவித்துக் கொடுக்கும் ஓடர்கள். ரிஃபா சின்னவள். ஆகவே நான்.

ஓம் என்றேன். பிடித்த கதவை விடவில்லை.


நவம்பர் 1, சனி

விடியும்வரை அழுதது. அழுகை என்றால் விசில் போல, விட்டு விட்டு. ஒருவரும் சரியாகத் தூங்கவில்லை.

சிரட்டையில் சோறும் அவித்த மீனும். நான் சிரட்டையை வைத்துவிட்டு, கூட்டுகிற தும்புத்தடியால் தள்ளினேன். குட்டி சாப்பாட்டை விட்டுவிட்டுத் தும்புத்தடியோடு சண்டைக்குப் போனது. என் பக்கம் கழி, அதன் பக்கம் தும்பு. தும்பு தோற்றது.

பக்கத்து வீட்டு ஜெஸீமா மாமி மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னகா நுஸ்கா, இதுவா உங்கட காவல்?"

"ஓம் மாமி."

"கள்ளன் வந்தா இதயும் சேப்புக்குள்ள போட்டுட்டுப் போவானே!"

மாமிக்கு இப்போது எல்லாம் சிரிப்பாக இருக்கிறது. மகளுக்குச் சம்பந்தம் சரிவந்திருக்கிறது. அடுத்த கிழமை ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர் பகல் சாப்பாட்டுக்கு. வட்டிலப்பம் உம்மா. கல்முனைக்குடியில் உம்மாவின் வட்டிலப்பத்தைக் கரண்டியால் வெட்டினால் ஓரம் உடையாது. இது நான் சொல்வதில்லை, ஊர் சொல்வது.

கை கழுவியது இன்று நாலு தரம். அதாவது நாலு ஏழு. ரிஃபா பக்கத்தில் நின்று ஒளித்துப் பிடித்து விளையாடுகிற மாதிரி உரத்து எண்ணுகிறாள். "அஞ்சூ... ஆறூ..."


நவம்பர் 2, ஞாயிறு

டியூஷன். பகலில் பெருமழை, வீதியில் தண்ணீர்.

குட்டியை எப்படிப் பார்ப்பது என்று தர்ஷினியிடம் கேட்டேன். என் பக்கத்துக் கதிரை. அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர், வீட்டில் எப்போதும் மூன்று நாய். முதலில் அவள் நம்பவில்லை.

"உங்கட உம்மா நாய் வளக்கிறாவா? மெய்யா?"

"காவலுக்கு."

"என்ன சாதி?"

சொன்னேன். மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். டியூஷன் சேர் திரும்பிப் பார்த்தார். பிறகு கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து எழுதிக் கொடுத்தாள். அப்படியே ஒட்டி வைக்கிறேன்:

தாயிட்ட இருந்து பிரிச்ச குட்டி. அழும். அடிக்காத, ஏசாத.

டிக் டிக் மணிக்கூட்டைத் துணியில சுத்திப் பெட்டிக்குள்ள வை. தாயிட நெஞ்சு எண்டு நினைக்கும்.

சாப்பிட்ட உடன ஒரே இடத்துக்குக் கொண்டு போ. அங்க ஒண்டுக்கு இருந்தாப் புகழு.

பேரச் சொல்லிக் கூப்பிடு. ஏசும்போது பேரச் சொல்லாத.

நிண்டுகொண்டு பாக்காத. நிலத்தில இரி. நீ நிண்டா அதுக்கு நீ தென்னமரம்.

"உனக்குப் பயமா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"அதுக்கும் உன்னப் பாத்தாப் பயமாத்தான் இரிக்கும்" என்றாள், நான் ஓம் என்று சொன்னது போல.

மணிக்கூடு: வாப்பாவின் பழைய மேசை மணிக்கூடு. உம்மாவிடம் கேட்டேன். "நாய்க்கு நேரம் பாக்கவா?" என்றார். விளக்கினேன். அலுமாரியைத் திறந்தார். பிறகு தன் பழைய பருத்திச் சாரியில் ஒரு பாதியைக் கிழித்துத் தந்தார்.


நவம்பர் 3, திங்கள்

அழவில்லை!! ஒரு தரம் மட்டும், விடிகாலை சுபஹுக்குக் கொஞ்சம் முன். பிறகு மணிக்கூட்டுக்கு மேல் ஏறிப் படுத்துவிட்டது.

கணிதப் பரீட்சைத் தாள் கிடைத்தது. 61. உம்மாவுக்கு இன்னும் காட்டவில்லை.


நவம்பர் 4, செவ்வாய்

இன்று நிலத்தில் இருந்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து, பின் விறாந்தையில், சுவரோடு முதுகை ஒட்டி. கண்ணை மூடிக்கொண்டேன். குட்டி பெட்டியிலிருந்து இறங்கும் சத்தம், பிறகு நகங்கள் சீமெந்தில் டிக் டிக். பக்கத்தில் வந்து நின்றது. மூச்சு என் காலில். கடிக்கப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால், என் செருப்பின் மேல் நாடியை வைத்துத் தூங்குகிறது.

அரை மணித்தியாலம் நான் அசையவில்லை. கால் விறைத்துவிட்டது. அவ்வளவு நேரமும் அதைப் பார்த்தேன். ஒரு நாயை நான் இவ்வளவு கிட்ட இருந்து பார்த்ததே இல்லை. எப்போதும் ஓடிக்கொண்டல்லவா பார்த்திருக்கிறேன்.

பார்த்தவை: காதுக்குள் இளஞ்சிவப்பு. பாதத்தின் அடியில் கறுப்பு, கொட்டைப்பாக்கை நறுக்கிய மாதிரி. வயிறு சீராக ஏறி இறங்குகிறது. கனவில் எதையோ துரத்துகிறது, முன்கால் மட்டும் ஓடுகிறது. மீசை மயிர் ஏழு ஒரு பக்கம், மறுபக்கம் எண்ண முடியவில்லை.

என் கை காய்ந்திருந்தது, அதன் மயிரும் காய்ந்திருந்தது. காய்ந்ததைக் காய்ந்தது தொட்டால் கழுவத் தேவையில்லை, மதரஸாவில் படித்தேன். ஒரு விரலால் தொட்டேன். நெற்றியில். அதற்குள் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது, பீங்கான் மாதிரி. இவ்வளவு சின்ன மண்டையை வைத்துக்கொண்டு, தாயுமில்லாமல், தெரியாத ஊரில், மூன்று தென்னைமரங்களுக்கு நடுவில் வந்து நின்று முதல் நாளே உறுமியதே.

நான் என்றால் உறுமியிருக்க மாட்டேன்.


நவம்பர் 6, வியாழன்

மழை விட்டு வெயில். உடுப்பெல்லாம் காய்ந்தது.

இன்று மோட்டர் மாட்டைத் துரத்தியது!

உம்மாவின் பசளிக்கீரைப் பாத்திக்குள் யாரோ ஒருவருடைய மாடு. நான் "ஹேய்" என்றேன், மாடு என்னைப் பார்த்து மென்றது. அப்போது விறாந்தையிலிருந்து வெள்ளையாக ஒன்று உருண்டு போனது. மாட்டின் முன்காலுக்கு நேரே நின்று, அதன் முழு உடம்பும் குலுங்கக் குலுங்கக் குரைத்தது. ஒவ்வொரு குரைப்புக்கும் பின்னால் ஒரு அடி தானே சறுக்குகிறது, மறுபடி முன்னுக்கு வருகிறது. மாடு தலையைக் குனிந்து மணந்து பார்த்தது. மாட்டின் மூக்குக்கு முன் அது ஒரு உருண்டை. ஓடவில்லை. குரைத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மாடுதான் அலுத்துப்போய்த் திரும்பி நடந்தது.

மதிலுக்கு மேல் ஜெஸீமா மாமி: "யா அல்லாஹ், மாடு பாவம் பாத்துப் போகுது!"

உம்மா அடுப்படி யன்னலில் நின்று பார்த்தார். நான் பார்ப்பது தெரியாமல். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார், பிறகு தனக்குள் சொன்னார், "துணிச்சல் இரிக்கி."

பின்னேரம் சாச்சா மோட்டரை மிருக வைத்தியர் கந்தோருக்குக் கொண்டு போனார், நானும் போனேன். ஊசி. மோட்டர் ஒரு தரம் 'கிய்' என்றது, பிறகு டொக்டரின் சேட்டுப் பொத்தானைக் கடித்தது. எனக்கு ஊசி போட்ட நாட்களில் நான் கத்தியது ஆஸ்பத்திரி வாட்டு முழுக்கக் கேட்டதாம். சாச்சா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. மோட்டரை மடியில் வைத்திருந்தேன், சாக்குத் துணியில் சுற்றி.

திரும்பி வரும்போது நேர் ஒழுங்கையால் வந்தோம். லொறியில் என்பதால் கணக்கில் சேராது. என்றாலும் எழுதி வைக்கிறேன்.


நவம்பர் 8, சனி

எழுத முடியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

பின்னேரம் இடி. விறாந்தை ஒழுகிப் பெட்டி நனைந்துவிட்டது. உம்மா ஜெஸீமா மாமி வீட்டுக்குப் போயிருந்தார், நாளைய விருந்துக்குத் தட்டுகள் எத்தனை என்று பார்க்க. ரிஃபா முன் அறையில் படம் கீறிக்கொண்டிருந்தாள். மோட்டர் நடுங்கியது. மாட்டுக்குப் பயப்படாதது இடிக்கு நடுங்கியது. என் மனம் கேட்கவில்லை. சாக்கில் சுற்றி, உள்ளே, நடைவரைக்கும் மட்டும் தூக்கி வந்தேன்.

பெரிய இடி ஒன்று. என் கையிலிருந்து பாய்ந்தது. அடுப்படிக்குள்.

நான் போய்ப் பார்க்கும்போது, வட்டிலப்பம் கலக்கிற பெரிய சட்டிக்குள் தலை. உம்மா கழுவி வைத்திருந்தார், அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. அதை நக்கிக்கொண்டிருந்தது. டப் டப் டப் என்று.

தூக்கினேன். விறாந்தையில் விட்டேன். சட்டிக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். ஒரு தரம். ஏழு இல்லை, மண் இல்லை. வாசல் படலை திறக்கிற சத்தம் கேட்டது. துணியால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

உம்மா வந்தார். "ஏன்கா முகம் இப்பிடி?"

"இடி."

அவ்வளவுதான் சொன்னேன்.

பிறகு உம்மா முட்டை உடைத்தார், அறுபது. அந்தச் சட்டியில். நான் தேங்காய் துருவினேன். கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப் பால், ஏலக்காய். உம்மா வேலை செய்யும்போது மெதுவாக ஸலவாத்து ஓதுவார், சட்டிக்கு மேல் குனிந்து. நான் சட்டியைப் பார்க்கவில்லை. விரலில் தொட்டு நாக்கில் வைத்து இனிப்புப் பார்த்தார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். துருவிய சிரட்டைகளை அடுக்கினேன்.

அவிந்து இறங்கியதும் ஓரத்தில் ஒட்டியதை ரிஃபாவுக்குக் கொடுத்தார். எனக்கும் நீட்டினார். வயிறு சரியில்லை என்றேன்.

இப்போது பத்துத் தட்டு மேசையில் மூடி வைத்திருக்கிறது. நாளைப் பகல் நாற்பது பேர். மாப்பிள்ளையின் வாப்பா பள்ளிவாசலில் முன் வரிசை ஸஃபில் நிற்கிறவராம். எல்லாரும் பிஸ்மி சொல்லிச் சாப்பிடுவார்கள்.

சொன்னால் மோட்டர் லொறியில் போய்விடும். உம்மா சொன்னால் சொன்னதுதான். ஒன்பது நாளில் ஒரு வீட்டைத் தன் வீடு என்று நினைத்துவிட்டது. இன்று காலைதான் முதல் தடவையாக, நான் பெயர் சொன்னதும் காதைத் திருப்பியது. மறுபடி ஒரு பெட்டிக்குள் போட்டு, வேறு யாரிடமோ...

சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அல்லாஹ்வுக்குத் தெரியும்.

உம்மா அந்தக் கையால் மஃரிப் தொழுதார்.

யாராவது எனக்குப் பதிலாகச் சொன்னால் நல்லது.


நவம்பர் 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சுபஹு தொழுதுவிட்டு உம்மா தொழுகை விரிப்பை, முஸல்லாவை, மடித்துக்கொண்டிருந்தார். நான் கதவில் நின்றேன். முழுதும் ஒரே மூச்சில் சொன்னேன், இடி, சாக்கு, சட்டி, ஒரு வாளி. கடைசியில், "இது மோட்டர்ட பிழை இல்ல, நான்தான் உள்ளுக்குக் கொண்டு வந்த" என்றேன்.

உம்மா முஸல்லாவை மடித்தது மடித்தபடி கையில் வைத்திருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். கேட்டது ஒன்றுதான்:

"ரிஃபா எவ்வளவு சாப்பிட்ட?"

"ரெண்டு கரண்டி."

"சரி. தெரியாமச் சாப்பிட்டதுக்குக் குத்தம் இல்ல. தெரிஞ்சு குடுத்தாத்தான் குத்தம்." முந்தானையைச் செருகினார். "வா. நேரம் போகுது."

பத்துத் தட்டையும் தென்னை அடியில் குழி தோண்டிக் கொட்டினோம். அறுபது முட்டை. ஓரம் உடையாத வட்டிலப்பம், அப்படியே முழு முழு வட்டமாக மண்ணுக்குள் விழுந்தது. உம்மா தட்டின் அடியைத் தட்டித் தட்டிக் கொட்டினார். ரிஃபா எழும்பி வந்து பார்த்தாள்.

"மோட்டருக்குக் குடுப்பமே உம்மா. அதுர எச்சில்தானே?"

உம்மா அவளைப் பார்த்தார். வாயின் ஓரம் அசைந்தது. "இதத் திண்டா அதுக்கு வயித்தால போகும். மறுகா அதையும் நீதான் கழுவணும்."

பிறகு கழுவல். சட்டி, முட்டை அடிக்கிற கோல், பால் வடிக்கிற வடி, பத்துத் தட்டு, மூடிகள், கரண்டிகள், மேசை, துணிகள் எல்லாம். நான் வாளியால் இறைக்க, உம்மா தேய்க்க, ரிஃபா எண்ணினாள். முதலாவது மண், மிச்சம் தண்ணீர். கயிறு இழுத்து என் உள்ளங்கை உரிந்துவிட்டது. உம்மா ஒரு பாத்திரத்துக்குக்கூட ஆறோடு நிறுத்தவில்லை. ரிஃபா ஒரு இடத்தில் எண்ணிக்கை தவறினாள், உம்மா அந்தத் தட்டை ஒன்றிலிருந்து தொடங்கினார். யாரும் பார்க்கவில்லை. யாரும் கேட்கப் போவதில்லை. நான் இறைத்துக்கொண்டே அவருடைய முதுகைப் பார்த்தேன். இப்படி ஒரு மனிஷி எங்கள் வீட்டில் இருக்கிறார், நான் இத்தனை நாளும் சட்டங்களை மட்டும் பார்த்திருக்கிறேன்.

மூன்று பேரும் குளித்தோம். உம்மா நேற்றைய மஃரிபையும் இஷாவையும் இன்றைய சுபஹையும் திருப்பித் தொழுதார். அவர் தொழும்போது நான் கடைக்கு ஓடினேன், முட்டைக்கு. நேர் ஒழுங்கையால். திரும்பும்போது நாய் இரண்டு படுத்திருந்தது. ஓடவில்லை, ஓடினால் முட்டை உடையும். நடந்தேன். அவை தலைகூடத் தூக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கடைசித் தட்டு இறங்கியது. சூடு ஆறவில்லை. ஜெஸீமா மாமி மதிலடிக்கு வந்துவிட்டார், தலையில் புதுச் சால்வை.

"என்னகா, நேத்தே முடிஞ்ச எண்டாய்? அவங்க வந்து இறங்கிட்டாங்க!"

உம்மா ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். மின்சாரம், காஸ், ஏதாவது.

"நேத்து அவிச்சதக் கொட்டிட்டன் ஜெஸீமா. சட்டியில நாய் வாய் வெச்சிட்டு. இது இண்டைக்குப் புதிசா அவிச்சது."

மாமியின் கை மதிலில் அப்படியே நின்றது. "சட்டி?"

"ஏழு தரம். மண் போட்டு."

"தட்டு?"

"எல்லாம்."

மாமி உம்மாவை மேலிருந்து கீழ் பார்த்தார். உம்மாவின் கைகள் ஊறிச் சுருங்கியிருந்தன. முழங்கை வரை மண் கீறல். "தா இஞ்சால" என்று முதல் தட்டை வாங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இனியும் அந்தச் சனியன வெச்சிருக்கப் போறியா?"

"அது பிறகு பாப்பம்."

நான் விறாந்தைப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

மோட்டர் நாள் முழுக்கப் பெட்டியில். இன்று ஒருவரும் விளையாடவில்லை. வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது, நாங்கள் ஏதோ வேடிக்கை காட்டுகிறோம் என்பது போல.


நவம்பர் 10, திங்கள்

உம்மா நாயைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. சாச்சாவின் லொறி புதன்கிழமை கொழும்புக்கு.

பள்ளிக்கூடத்தில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. வந்ததும் பெட்டியைச் சுத்தம் செய்தேன். மணிக்கூட்டுக்குப் புது பற்றரி போட்டேன். போகிற இடத்துக்கு மணிக்கூட்டையும் கொடுத்துவிட வேண்டும், அங்கே யாருக்கும் இது தெரியாது. தர்ஷினியின் தாளையும் வேறு தாளில் பார்த்து எழுதினேன். கீழே நானாகச் சேர்த்தவை: இடிக்குப் பயம். மாட்டுக்குப் பயமில்லை. மீன் தலை வேண்டாம். வயிற்றைத் தொட்டால் உறுமும், அது கோபமில்லை. சின்னது என்று சிரிக்க வேண்டாம்.

எழுதும்போது அழுதேன். ரிஃபா பார்க்கவில்லை.

மஃரிபுக்குப் பிறகு வாப்பா வீடியோவில். நான் அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன், உம்மா நடையில். வாப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"அப்ப தம்பிக்குச் சொல்லுறன்," என்றார் வாப்பா. "புதன்கிழம வருவான், குடுத்து விடு."

நான் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தேன்.

"இல்ல. நிக்கட்டும்," என்றார் உம்மா.

"நீதானே சொன்ன, ஒருக்கா உள்ளுக்கு வந்தாத் திருப்பி எண்டு?"

"சொன்னன்தான். இப்ப நாய அனுப்பினா, இந்தப் புள்ள இனி ஒண்டும் என்கிட்ட வந்து சொல்லமாட்டாள். சொன்னா என்ன நடக்கும் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் வந்து சொன்னாள். நீங்க அங்க. நான் இஞ்ச தனிய ரெண்டு பொம்புளப் புள்ளயளோட. வீட்டுக்குள்ள என்ன நடக்குது எண்டு இவள் சொல்லாட்டி எனக்கு ஆரு சொல்லுவாங்க?"

அங்கே ஏசி இரைகிற சத்தம் கேட்டது.

"பெரியவள் எங்க?" என்றார் வாப்பா.

"உடுப்பு மடிக்கிறாள். கேட்டுக்கொண்டுதான் இரிப்பாள், காது நீளம்."

உடுப்பு எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து மடித்தேன். நேராக வரவேயில்லை.


நவம்பர் 11, செவ்வாய்

காலை மழை, பிறகு வெளித்தது. கணிதத் தாளை உம்மாவிடம் காட்டினேன். 61. "போன முற?" "58." "ம்."

நாளைக்கு மரவேலை செய்கிற ஓடாவி வருகிறார். அடுப்படி வாசலுக்கும் தொழுகிற அறைக்கும் அரைக்கதவு, பலகையில். விறாந்தைக்குத் தகரம். எவ்வளவு உயரம் வேண்டும் என்று அளந்து வைக்கச் சொன்னார் உம்மா.

அளக்கிற அடிமட்டத்தோடு விறாந்தைக்குப் போனேன். மோட்டரைச் சுவரோடு நிறுத்தினேன். நிற்கவில்லை, அடிமட்டத்தைக் கடித்தது. ரிஃபா பிஸ்கட்டை மேலே தூக்கிப் பிடித்தாள், அது பின்னங்காலில் எழும்பி ஒரு கணம் நின்றது, தலையை நிமிர்த்தி, இராணுவக்காரன் மாதிரி. அந்தக் கணத்தில் அளந்தேன். ஒரு அடிக்கும் குறைவு.

"ஒண்டரை அடி காணும் உம்மா" என்று கத்தினேன்.

உம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

"வளராதா புள்ள அது? ரெண்டரை எண்டு எழுது."